கறுப்பு உறையில் சாம்பல்

என் மனைவி அட்டையில் குறி போட்டு ஏமாற்றியவள் என்று எங்கள் ஊரில் பத்துப் பேராவது இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவள் அப்படிச் செய்யவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் குறி என்று சொன்ன அந்த அழுக்கு என் விரலிலிருந்து ஒட்டியது. அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் சொல்லவில்லை. இப்போது எழுதி என்ன புண்ணியம்? எழுதாமல் இருக்கவும் முடியவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர்கள். தறியில் நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் வைத்து நெய்கிற சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் குறுக்கு நூல் ஓடும் நாடாவைத் தள்ளினால் மற்றவர் வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். பதினான்கு வருஷமாக இதே வேலை. அவள் பக்கத்தில் ஓர் இழை அறுந்தால் நான் கை நீட்டி எடுப்பேன், என் பக்கத்தில் அறுந்தால் அவள் எடுப்பாள். கேட்டுக்கொண்டு செய்வதில்லை. இந்தப் பழக்கம்தான் எங்களைக் கெடுத்தது. எங்களை என்ன எங்களை, அவளைக் கெடுத்தது.

அட்டை விளையாட்டு என்றால் காசு வைத்து ஆடும் சீட்டாட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்தது மகள். ஆறாம் வகுப்பு படிக்கும்போது பளபளவென்று பொட்டலம் பொட்டலமாக வாங்கி வருவாள். உள்ளே பத்து அட்டை இருக்கும். பறவை, பூதம், பாம்பு, ஆமை என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம், படத்துக்குக் கீழே அது என்ன செய்யும் என்று இரண்டு மூன்று வரி. எது வரும் என்று தெரியாமல் பிரிப்பதில்தான் அவளுக்கு ருசி. இரண்டே மாதத்தில் அலுத்துவிட்டது. அலமாரியில் சும்மா கிடந்த டப்பாவை என் மனைவி ஒருநாள் எடுத்துத் தூசி தட்டினாள்.

"இத்தினி அட்டை வாங்கிக் குமிச்சி வெச்சிக்கினு, ஆடத் தெரியாம கெடக்குது பாரு" என்றாள்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் அவள். அட்டையில் எல்லாம் ஆங்கிலம். போனை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகக் காட்டிக் காட்டி அர்த்தம் படித்தாள். சோறு வடிக்கும்போதுகூட ஒரு கையில் அட்டை இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும். "பரீட்சைக்கா போறே?" என்பேன். "போனாலும் போவேன், உங்களுக்கின்னா?" என்பாள்.

ஆட்டம் என்னவோ சுலபம்தான். ஆளுக்கு அறுபது அட்டை பொறுக்கி ஒரு கட்டு சேர்க்க வேண்டும். கலைத்து வைத்து மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் இறக்கி, எதிரில் இருப்பவருடைய உயிர்ப்புள்ளியை முதலில் தீர்த்தால் ஜெயம். அட்டைகளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கும். உறைகளின் பின்பக்கம் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது கண்டிப்பு. ஒன்றில் மட்டும் கீறலோ கறையோ இருந்தால் அடுத்து வரப்போவது எந்த அட்டை என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் இல்லையா? அதற்குப் பெயர்தான் குறி போட்ட கட்டு. அந்த ஆட்டக்காரர்களுக்கு நடுவில் அதைவிடக் கேவலம் கிடையாது.

ரங்கசாமி குளம் பக்கத்துச் சந்தில் ஒரு பொம்மைக் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு மேசை போட்டுக்கொடுப்பார். வருகிறவர்கள் எல்லாம் காலேஜ் பிள்ளைகள். அவர்களுக்கு நடுவே என் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். முதல் வாரம் சிரித்தார்கள். மூன்றாவது வாரம் "ஆன்ட்டி, ஆன்ட்டி, இந்த எடத்துல நீங்கன்னா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார்கள். அவளுடைய கட்டில் நாலு கடல் ஆமை இருந்தது. மெதுவாகத்தான் மேசைக்கு வரும், வந்துவிட்டால் யாராலும் அசைக்க முடியாது. அவள் குணமும் அதுதான். அவசரமே படமாட்டாள். எதிரில் இருப்பவன் தானாகவே சலித்துத் தப்புப் பண்ணும்வரை விடமாட்டாள்.

அவளுக்கு வீட்டில் பழக ஆள் வேண்டும் என்பதற்காக நானும் கற்றுக்கொண்டேன். கல்யாணம் பண்ணிக்கொண்ட தோஷம். நான் பொறுமை கெட்டவன், அதனால் என் கட்டு முழுக்கப் பறவை. சடசடவென்று இறக்கி அடிக்க வேண்டும். கூடவே காற்று அட்டை கொஞ்சம் வைத்திருந்தேன். அதைப் போட்டால் எதிராளி இறக்கிய பெரிய அட்டையைத் திரும்ப அவர் கட்டுக்குள்ளேயே செருகிவிடலாம். வீட்டில் ஆடும்போது காற்று வந்த உடனே நானே கை நீட்டி அவளுடைய ஆமையை எடுத்து அவள் கட்டுக்குள் சொருகிவிடுவேன். "உங்க கையில கட்டி மொளைக்க! எத்தினி கஷ்டப்பட்டு எறக்கினேன்" என்று திட்டுவாள். அந்தத் திட்டு கேட்பதற்காகவே நான் காற்றைச் சேர்த்து வைத்திருந்தேன் என்றும் சொல்லலாம்.

சென்னையில் பெரிய போட்டி என்று கடைக்காரர் சொன்னபோது அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். பல ஊர்களிலிருந்து வருவார்கள், முதல் நாள் எட்டுச் சுற்று, அதில் முன்னணியில் வரும் எட்டுப் பேருக்கு மறுநாள் ஆட்டம். அந்த எட்டுப் பேர் ஆடுவதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டுவார்களாம். அவளுக்கு அந்தத் திரை வேண்டியிருந்தது. பரிசு கிரிசெல்லாம் அவள் கேட்கவே இல்லை.

"நான் ஒழுங்கா ஆடறத நாலு பேரு பாக்கணும்ங்க" என்றாள்.

இது ஏன் அவளுக்கு அவ்வளவு பெரிதாகப் போயிற்று என்பதைச் சொல்லியாக வேண்டும். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுடைய அப்பா ஒரு முதலாளிக்கு நெய்துகொண்டிருந்தார். பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுப்பார்கள், நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்துக்கொண்டு போனால் மறுபடி எடை போடுவார்கள். ஒருமுறை எடை குறைந்தது. ஜரிகையைத் திருடிவிட்டான் என்று எல்லார் எதிரிலும் அந்த முதலாளி சொன்னான். பக்கத்தில் இவள் நின்றுகொண்டிருந்தாள். தராசில் கோளாறு என்று பிறகு தெரிந்ததாம். தெரிந்து என்ன? கூப்பிட்டுச் சொல்லவா போகிறார்கள்? "எங்கப்பா அப்ப ஒண்ணுமே பேசல. நிலத்தையே பாத்துக்கினு நின்னாரு" என்று கல்யாணமான புதிதில் என்னிடம் சொல்லி அழுதாள். திருட்டு என்ற வார்த்தை அவள் காதில் விழுந்தாலே முகம் சுண்டிவிடும். மகள் ஒரு பென்சிலை மாற்றி எடுத்து வந்தால்கூடச் சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் சோறு.

இத்தனையும் தெரிந்தவன்தான் நான். தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்க வழியே இல்லை.

போட்டிக்கு இரண்டு பேரும் பெயர் கொடுத்தோம். புளிச்சோறு கட்டிக்கொண்டு விடியற்காலை ரயிலில் போனோம். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். என் மனைவி தன் கட்டுக்குப் புதுக் கறுப்பு உறை வாங்கியிருந்தாள். ரயிலில் மடியில் துண்டை விரித்து, ஒவ்வோர் உறையாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அறுபதையும் போட்டாள். "நீங்களும் ஒரு தபா பாருங்க" என்று என்னிடம் கொடுத்தாள். பார்த்தேன். ஒரு பொட்டுக் கறை இல்லை. என்னுடைய உறைகள் பழைய வெள்ளி நிறம். "உங்களுதும் மாத்துங்க" என்றாள். "இதுவே போதும், போ" என்றேன்.

என் சட்டைப் பையில் ஒரு சின்னத் தகர டப்பா எப்போதும் இருக்கும். அதில் சலித்த சாம்பல். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டில் கட்டிய நூல், தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய பாவின் ஒவ்வொரு நூல் நுனியோடும் புதுப் பாவின் நூல் நுனியைச் சேர்த்து விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. பட்டு வழுக்கும், வியர்வை விரல் என்றால் பிடியே கிடைக்காது. அதற்காகச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு முறுக்குவோம். நான் அடுத்த வீடுகளுக்கும் போய்ப் பிணைத்துக் கொடுக்கிறவன். விரல் ஈரமானால் கை தானாகப் பைக்குப் போகும், டப்பா மூடியைக் கட்டைவிரல் தள்ளும், நுனி விரல் சாம்பலைத் தொட்டுவிட்டு வரும். சாப்பிடுகிற மாதிரி, கொட்டாவி விடுகிற மாதிரி. யோசித்துச் செய்வதில்லை.

மண்டபத்துக்குள் நுழைந்தோம். அவ்வளவு கூட்டம். வரிசை வரிசையாக மேசை, எல்லாம் இளவட்டங்கள். தலைமுடியில் நீலம் பூசியவன், காதில் வளையம் போட்டவன். அவர்களுக்கு நடுவில் வேட்டியை மாற்றி பேண்ட் போட்டுக்கொண்டு வந்த நான். குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கிறது, எனக்கோ உள்ளங்கை நசநசவென்று வியர்க்கிறது. முதல் சுற்றிலிருந்தே என் விரல் டப்பாவுக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். எனக்கு நினைவில்லை. வெள்ளி நிற உறையில் சாம்பல் பட்டால் யாருக்குத் தெரியும்?

மூன்று தோல்வி ஆனால் வெளியே. ஐந்து சுற்று முடிந்தபோது இரண்டு பேருக்கும் ஒவ்வொரு தோல்விதான் ஆகியிருந்தது. நான் அவ்வளவு தூரம் வருவேன் என்று நானே நினைக்கவில்லை. ஆறாவது சுற்றுக்கு யார் யாரோடு என்று பலகையில் போட்டார்கள். பார்த்துவிட்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இதுக்கு வூட்லயே ஆடிக்கினு இருந்திருக்கலாம். ரயில் செலவாவது மிச்சம்!"

எதிரெதிரே உட்கார்ந்தோம். மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயித்தவருக்குச் சுற்று. முதல் ஆட்டம் அவளுக்கு. இரண்டாவதில் எனக்குக் காற்றுக்கு மேல் காற்றாக வந்தது. அவள் ஆமையை இறக்க இறக்க நான் கை நீட்டி எடுத்து அவள் கட்டுக்குள் செருகினேன். போட்டியில் எதிராளியின் அட்டையைத் தொடக்கூடாது, அவரையே எடுக்கச் சொல்ல வேண்டும். அது மரியாதை, கடையிலும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் எதிரில் இருப்பது என் மனைவி அல்லவா? அவளும் தடுக்கவில்லை. "கட்டி மொளைக்க" என்று மெதுவாக முணுமுணுத்தாள், பக்கத்து மேசைக்காரன் திரும்பிப் பார்த்தான். மூன்றாவது ஆட்டத்திலும் அதே கதை. ஜெயித்துவிட்டேன்.

போட்டி என்று ஒன்றில் நான் அவளை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அவள் கை கொடுத்தாள். "பரவால்ல, இன்னும் ரெண்டு சுத்து இருக்குது. ரெண்டுலயும் ஜெயிச்சா நானும் எட்டுல வந்துருவேன்" என்றாள். இரண்டு தோல்வி ஆகிவிட்டது அவளுக்கு. இனி ஒன்றுகூடத் தாங்காது.

ஏழாவது சுற்றில் என் மேசைக்கு அடுத்த மேசை அவளுடையது. ஆட்டம் ஆரம்பிக்கும் முன் நடுவர்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில கட்டுகளை வாங்கிச் சோதிப்பது வழக்கம். அவள் கட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு முதல் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நடுவர் திரும்பி வந்தார். கறுப்புச் சட்டை போட்ட, மரியாதை தெரிந்த பிள்ளை. நாலு அட்டையை மட்டும் தனியாகப் பிடித்திருந்தார்.

"மேடம், இந்த நாலு கார்டுக்குப் பின்னால மட்டும் மார்க் இருக்கு. எப்படி வந்துச்சு?"

"எங்கங்க?"

விளக்குக்கு நேராகச் சாய்த்துக் காட்டினார். நேராகப் பார்த்தால் தெரியாது. சாய்த்தபோது தெரிந்தது. கறுப்பின் மேல் சாம்பல் நிறத்தில் இரண்டு விரல் தடம். நாலிலும் ஒரே இடத்தில்.

"தெர்லீங்களே. காலையிலதான் புது உறை போட்டுக்கினு வந்தேன்."

"நாலுமே ஒரே கார்டு மேடம். உங்க கட்டுலயே முக்கியமான கார்டு. மத்த அம்பத்தாறும் சுத்தமா இருக்கு. அதனாலதான் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க."

ஆமைகள். நாலு ஆமையும். நான் அப்போதுதான் என் விரல் நுனியைப் பார்த்தேன். ரேகைக்குள் சாம்பல்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். சந்தேகத்தில் அல்ல. தெரியாத இடத்தில் ஒரு பெண் தன் மனுஷனைத் தேடுவாளே, அப்படி.

"ஏங்க, ரயில்ல நீங்களும்தான பாத்தீங்க? சுத்தமாத்தான இருந்திச்சி?"

"ஆமா. பாத்தேன். சுத்தமாத்தான் இருந்திச்சி" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அது உண்மைதான், அதனால்தான் அதை நினைக்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. 'என் கை சார் அது, இந்தாங்க டப்பா' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? சொன்னால் என் கட்டையும் சோதிப்பார்கள், நான் அவள் அட்டையைத் தொட்டதற்கும் கேட்பார்கள், ஆறாவது சுற்றில் நான் ஜெயித்தது போய்விடும் என்றெல்லாம் ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். கடையில் இரண்டு வருஷமாக எனக்குப் பெயர் ஆன்ட்டியோட வூட்டுக்காரர். அன்றைக்கு ஒருநாள் நான் அவளுக்கு மேலே இருந்தேன். அதை விட மனசு வரவில்லை. பொறாமைதான். வேறு நல்ல வார்த்தை போட்டு அதை மூட எனக்கு உரிமை கிடையாது.

என் எதிராளியிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லி, என் மேசை நடுவரிடம் அனுமதி கேட்டுக் கழிப்பறைக்குப் போனேன். டப்பாவைத் திறந்து சாம்பலைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டேன். சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன். நகத்துக்கு இடையில்கூட விடவில்லை. பட்டென்று எழுந்து ஒன்றைச் சொல்லத் துப்பில்லாதவனுக்கு அதற்கு மட்டும் அத்தனை சுறுசுறுப்பு.

திரும்பி வந்தபோது தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்றே செய்ததாக நிரூபிக்க முடியாது, ஆனாலும் முதல் ஆட்டம் தோல்வி, உறையை மாற்றிக்கொண்டு மற்றதை ஆடலாம். புத்தகத்தில் குறித்துக்கொள்வார்களாம். அவள் புது உறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாவது ஆட்டத்தில் ஆமை அவள் கையில் இருந்தது, இறக்க வேண்டிய இடமும் இருந்தது. இறக்கவில்லை. அட்டையைத் தொடவே பயந்தாள். பத்து நிமிஷத்தில் தோற்றுப்போனாள். எங்கள் ஊர்க் கடைப் பிள்ளைகள் இரண்டு பேர் பின்னால் நின்று எதையோ குசுகுசுத்தார்கள்.

நான் ஏழாவதும் ஜெயித்தேன், எட்டாவதும் ஜெயித்தேன். எட்டுப் பேரில் ஏழாவது ஆளாக என் பெயர் பலகையில் வந்தது.

ரயிலில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அவள் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"புளிச்சோறு எடுத்து வெச்சேன் பாருங்க, அதுவா இருக்குமா? இல்ல மூஞ்சிக்குப் பவுடர் போட்டேனே, அதுவா?"

"விடு" என்றேன்.

"நாலுலயும் எப்பிடிங்க? கடவுளே வந்து வெச்ச மாதிரி நாலுலயும்? அந்தப் புள்ள என்ன நம்பவே இல்ல. நான் அவரா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்." ஜன்னல் பக்கம் திரும்பி, "திருட்டுப் பட்டம் எங்க வூட்டுக்கு இன்னா புதுசா" என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டும், ஸ்டேஷனில் இறங்கியதும் சொல்லிவிடலாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகத் தள்ளிப்போட்டேன்.

மறுநாள் அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் எழுந்து கிளம்பி நின்றாள். "நான் இல்லாம உங்களுக்கு யாரு தண்ணி எடுத்துத் தருவாங்க?" என்றாள். அந்தப் பெரிய திரையில் என் இரண்டு கையும் வந்தது. மேலே கேமரா. கழுவிக் கழுவிச் சிவந்த விரல், ஒவ்வொரு நகமும் தெரிகிறது. கூட்டத்தில் முதல் வரிசையில் நின்று அவள் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். காற்று அட்டை வந்தபோதெல்லாம் எதிராளியிடம் பணிவாக, "நீங்களே எடுத்து வெச்சிருங்க" என்றேன். அன்றைக்கு மட்டும் மரியாதை நன்றாகத் தெரிந்திருந்தது எனக்கு. முதல் சுற்றிலேயே தோற்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. தெருவில் நாலு வீட்டுக்காவது அந்தப் படத்தைக் காட்டியிருப்பாள். "பாருங்க, எங்க வூட்டுக்காரரு கையி" என்பாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறு போகவில்லை. கேட்டால், "புடவை அறுக்கணும், வேலை இருக்குது" என்றாள். ஒருநாள் சாப்பிடும்போது மகள் கேட்டாள்.

"அம்மா, நீ கார்டுல மார்க் போட்டு மாட்டிக்கினியாமே? கடை அண்ணன் சொல்றாரு."

என் வாயில் சோறு இருந்தது. மென்றுகொண்டே இருந்தேன்.

"இல்லடி கண்ணு. அம்மா கையில எங்கியோ அழுக்கு இருந்திருக்குது. பாக்காம தொட்டுட்டேன்" என்றாள் அவள்.

அதன்பிறகு அட்டையைத் தொடும் முன் கை கழுவ ஆரம்பித்தாள். வீட்டில் என்னோடு ஆடுவதற்குக்கூட. கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, மறுபடி போய்க் கழுவுவாள். ஆட்டத்துக்கு நடுவிலும் எழுந்து போவாள். குழாய்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அவள் வந்து உட்கார்ந்ததும், "உன் ஆட்டம்தான்" என்பேன். இப்படி நாலு மாதம் ஓட்டினேன். மனுஷனா நான்?

அப்புறம் ஒரு கறுப்புப் பாவு வந்தது. முன்பெல்லாம் கறுப்பில் பட்டு கேட்கமாட்டார்கள், இப்போது கேட்கிறார்கள். பாவை ஏற்றிவிட்டு, காலை வெளிச்சத்தில் நான் பிணைக்க உட்கார்ந்தேன். எதிரில் அவள் நூல் நுனிகளைப் பிரித்துப் பிரித்து எடுத்துக் கொடுத்தாள். நான் டப்பாவைத் திறந்து தொட்டேன், முறுக்கினேன். தொட்டேன், முறுக்கினேன். நூறு இழை போயிருக்கும். அவள் கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் பார்வை பிணைத்து முடித்த இழைகளின் மேல் இருந்தது. கறுப்புப் பட்டில் முடிச்சுக்கு முடிச்சு சாம்பல் தடம், ஒரே வரிசையாக. வெள்ளையிலும் மஞ்சளிலும் வருஷக்கணக்காக எங்கள் கண்ணுக்குத் தெரியாதது. அங்கிருந்து அவள் பார்வை என் விரலுக்கு வந்தது. பிறகு என் சட்டைப் பைக்கு.

"அன்னிக்கி இந்த டப்பா பாக்கெட்ல இருந்திச்சா?"

"இருந்திச்சி."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல வாய் வந்தது. முதல் தடவையாக அதை அடக்கினேன். "அந்தப் புள்ள வெளக்குல சாய்ச்சிக் காட்டினப்பவே தெரியும். கழிப்பறைக்குப் போயி கை கழுவினேன். சாம்பலயும் கொட்டிட்டேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, முடிந்திருக்கும். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லி இருந்தீங்கன்னா இன்னா ஆயிருக்கும்? நீங்களும் தோத்திருப்பீங்க. அவ்ளோதான? ரெண்டு பேருமா புளிச்சோத்தத் துன்னுட்டு, சிரிச்சிக்கினே வந்திருப்போம்."

எனக்கு அழுகை வந்தது. "தப்புதான்மா" என்றேன். "கடைக்கு வந்து எல்லாரு எதிர்லயும் சொல்றேன்" என்றேன். அந்த ஞாயிறே போய்ச் சொல்லவும் செய்தேன். பிள்ளைகள் பாதிப் பேர் நம்பவில்லை. பெண்டாட்டியைக் காப்பாற்றப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிற நல்ல மனுஷன் என்று என் முதுகில் தட்டினான் ஒருத்தன். அதற்கும் நான்தான் காரணம், வேறு யாரைச் சொல்ல?

தறி முன்னால் ஒப்புக்கொண்ட அன்று காலை அவள் ஈரத்துணி கொண்டுவந்து தடம் பட்ட இழைகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். பிறகு அடுத்த நூல் நுனியை எடுத்து நீட்டினாள். பாவு முழுவதையும் பிணைத்து முடித்தோம். சேலை நல்லபடியாக வந்தது.

கை கழுவுவதை அன்றோடு விட்டுவிட்டாள். சில நாள் விட்டு மறுபடி ஆடவும் ஆரம்பித்தோம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் ஆட்டம். முன்பு போலவே நிதானமாக ஆமையை இறக்குகிறாள், முன்பு போலவே என்னைத் தோற்கடிக்கிறாள். முதல் நாள் எனக்குக் காற்று வந்தது. பழக்கத்தில் கையை நீட்டினேன். அவள் தன் உள்ளங்கையை ஆமையின் மேல் வைத்து மூடினாள்.

"இருங்க" என்றாள். "நானே எடுத்து வெச்சிக்கிறேன்."

தறியில் இப்போதும் என் பக்கத்து இழை அறுந்தால் அவள் கேட்காமல் எடுக்கிறாள். மேசையில் மட்டும், ஒவ்வொரு தடவையும், எதிரில் உட்கார்ந்த யாரோ ஓர் ஆளிடம் சொல்வதுபோல அதையேதான் சொல்கிறாள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.